புள்ளி வைத்த தேதி

எங்கள் லாரி ஆபீஸ் குமாஸ்தாவைப் போலத் தேதிக்குப் பயந்த மனிதர் நாமக்கல் ஜில்லாவிலேயே கிடையாது. பாம்பைக் கண்டால்கூட, அதற்கு எஃப்.சி. எப்போது முடிகிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஓடுவார். நாங்கள் அவருக்கு வைத்த பேர் ‘காலாவதி’.

எனக்குப் படிப்பு கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு எருமப்பட்டிப் பக்கம் போகிற மாட்டு வண்டி ஒன்று வாசலில் நின்றது, ஏறிப் போய்விட்டேன். அது கிடக்கட்டும். அப்படிப்பட்டவனுக்கும் புரிகிற மாதிரி காலாவதி ஒரு வேலை செய்தார். பதினொரு லாரிகளின் இன்சூரன்ஸ், பெர்மிட், வண்டி ஓடத் தகுதி என்று தருகிற எஃப்.சி., எங்கள் லைசென்ஸ் எல்லாம் முடிகிற தேதியைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டார். தேதி தாண்டினால் கட்டம் தானாகச் சிவக்க வேண்டும் என்று அதற்கு உத்தரவும் கொடுத்தார்.

முதல் நாள் திரை பூராவும் சிவப்பு. முதலாளி அலறிவிட்டார்.

“என்னய்யா இது, நம்மகிட்ட ஓடறது பதினோரு வண்டி. ஆயிரம் வரி செவந்து கெடக்குது. மிச்ச வண்டியெல்லாம் யாருது?”

“காலியா கெடக்கற கட்டத்தையும் தேதி முடிஞ்சதுன்னு எடுத்துக்குச்சுங்க முதலாளி.”

அதைச் சரிசெய்ததும் அவருக்குக் கை நிற்கவில்லை. தீயணைக்கிற சிலிண்டர், இருமல் மருந்து, அலமாரியில் இருந்த பிஸ்கட் பாக்கெட் எல்லாம் உள்ளே போயின. ஒருநாள் முதலாளி டீயில் பிஸ்கட்டை முக்கி வாயில் போட்டார். காலாவதி பாய்ந்து வந்தார்.

“துப்புங்க முதலாளி! நேத்தே செவந்துருச்சு!”

நாங்கள் வண்டி எடுக்குமுன் திரையைப் பார்த்துவிட்டுத்தான் சாவி வாங்க வேண்டும். மேலிருந்து ஏழாவது வரி என்னுடையது. வெள்ளையாக இருந்தால் கிளம்புவேன். எழுத்துத் தெரியாதவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

முதலாளி சில நாள் தானே தேதி அடிப்பார். ரசீதில் எழுதுகிற பழக்கத்தில் நாள், மாதம், வருசம் நடுவே புள்ளி வைத்துவிடுவார். காலாவதிக்குக் காது சிவக்கும்.

“புள்ளி வெச்சா கம்ப்யூட்டருக்கு அது தேதியே இல்லீங்க, வெறும் எழுத்து. பத்து வருசம் போனாலும் செவக்காது. சாய்கோடு போடுங்க!”

ஒரு நாள் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினேன். பரமத்தி வேலூர்ப் பாலத்துக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மொபெட் முக்கி முனகிக்கொண்டு வந்து நின்றது. காலாவதி. பின்னால் லீவில் இருந்த டிரைவர் ஒருவர், கட்டிய லுங்கியோடு.

“அண்ணா, சாவியக் குடுங்க. உங்க லைசென்ஸ் முடிஞ்சு பதினெட்டு நாளாச்சு.”

“காத்தால பாத்தனே சாமி, வெள்ளையாத்தானே இருந்துச்சு?”

“உங்க தேதில புள்ளி வெச்சிருக்குதுங்க. நீங்க கெளம்புனப்பறந்தான் பாத்தேன்.”

“முதலாளியா?”

“இல்லீங்க. நானு.”

சொல்லிவிட்டு ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை.

“எங்காச்சும் ஒரு ஆளு மேல பட்டிருந்தா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். உங்கள உள்ள வெச்சிருவாங்க. உங்க பாப்பா கல்யாணத்துக்கு இன்னும் இருவது நாளுதானுங்க இருக்குது. அந்தத் தேதியும் போட்டு வெச்சிருக்கறேன்.”

பதினெட்டு நாளில் எத்தனை பள்ளிக்கூட வாசல், எத்தனை சந்தைக் கூட்டம் தாண்டியிருப்பேன்! சாவியை லுங்கிக்காரரிடம் கொடுத்தேன். அதற்குள் முதலாளி போனில் கத்தினார்.

“லோடு நடு ரோட்டுல நிக்குதாமா? முட்டை என்னய்யா ஆவறது?”

“முட்டைக்கு இன்னும் பத்து நாள் இருக்குதுங்க முதலாளி. வெள்ளைலதான் இருக்குது.”

லாரி பாலத்தில் ஏறிப் போனதும் என்னை மொபெட்டின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டார். அந்த வாரமே லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுத்தார். கல்யாணத்தில் பந்தி முடியும்வரை தண்ணீர் ஊற்றினார். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு நாமக்கல் வரும்வரை அவர் பேசியது ஒன்றேதான்: “மன்னிச்சிருங்கண்ணா.” மாட்டு வண்டிகூட எங்களை முந்திப் போனது. நாற்பது வருசம் ரோட்டிலேயே கிடந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி உட்கார்ந்து வந்தது, அந்த மொபெட்டின் பின் சீட்டில் மட்டும்தான்.