வெய்ன் கடை விளம்பரத்தை இந்த வாரம் மட்டும் நிறுத்தி வைக்க

செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றே கால்
(குழந்தைகள் தூங்கும் நேரம்)

நமது ஊர் வாரப் பத்திரிகையின் ஆசிரியரும் எனக்கு ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவனுமாகிய அன்புத் தம்பி லோவலுக்கு, அக்கா ஆர்டிஸ் எழுதிக்கொண்டது.

இங்கே நானும், சர்ச் அடித்தளத்தில் நான் நடத்தும் பகல்நேரக் காப்பகத்தின் இருபத்து மூன்று குழந்தைகளும் மூக்கொழுகலோடு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் கோரினும் மூக்கொழுகல் இல்லாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாலு தெரு தள்ளி இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முட்டை பொரிப்பாள். உங்கள் சமையலறையில் விழுந்த பேச்சு அரை மணியில் ஊர் முழுக்கப் போய்ச் சேரும். அதனால் கோட்டு மாட்டும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று வயதுக்காரர்கள் உட்காரும் நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது குளிரினால் அல்ல, பயத்தினால்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை வரும் பத்திரிகையில் வெய்ன் ஸ்கோக்லண்டின் விளம்பரத்தைப் போடாதே. நெடுஞ்சாலையில் அவர் திறக்கப்போகும் பெட்ரோல் பங்குக்கும் பீட்சா கடைக்கும் ஆள் வேண்டுமாம். வியாழன் மதியம் நேரில் வந்தால் வெள்ளி காலை வேலையாம், நான் கொடுப்பதைவிட மணிக்கு ஐந்து டாலர் கூடவாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காபி குடிக்கும்போது கோரின் அந்தத் தாளைக் காட்டினாள். ஐந்து டாலர் கூட என்பதுகூடப் பெரிதில்லை தம்பி. பீட்சாவுக்கு டயப்பர் மாற்ற வேண்டியதில்லை. பீட்சா கடிக்காது. பீட்சாவின் அம்மா மாலையில் வந்து, என் பிள்ளையின் இன்னொரு சாக்ஸ் எங்கே என்று கேட்கமாட்டாள்.

மாநிலத்தின் உதவித் திட்டம் உனக்கு நினைவிருக்கும், நீயே ஜனவரியில் நாலாம் பக்கத்தில், உறைந்த ஏரியில் நடந்த மீன்பிடிப் போட்டி முடிவுகளுக்குக் கீழே போட்டாய். காப்பகங்களில் வேலைக்கு ஆள் வருவதில்லை, வந்தவர்கள் நிற்பதில்லை, அதனால் காப்பகம் நடத்துகிறவர்களுக்கு மாநிலமே பணம் தரும், அதை ஊழியர் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று. நானும் விண்ணப்பம் போட்டேன். பதினேழு பக்கம். நாலு ஊழியர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அதில்தான் சிக்கல். எழுதிய நாலு பெயரும் மார்ச் முப்பத்தொன்று, அதாவது இந்த வெள்ளிக்கிழமை மாலை, என்னிடம் வேலையில் இருந்தாக வேண்டும். ஒரு பெயர் குறைந்தாலும் விண்ணப்பம் செல்லாது, அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் வரை நான் தாங்கமாட்டேன். கைக்குழந்தை நாலுக்கு ஒரு ஆள் என்பது சட்டம், எனக்கு இருப்பதோ எட்டுக் குழந்தை, அவர்களுக்கு டுவைலாவும் ஹோடனும். ஒருத்தி போனால் அன்றைக்கே நாலு தொட்டிலை மடிக்க வேண்டும். நாலு அம்மாக்களைக் கூப்பிட்டு நாளையிலிருந்து கொண்டுவராதே என்று சொல்ல வேண்டும். அதில் ஒருத்தி கிளினிக்கின் ஒரே இரவு நர்ஸ், இன்னொருத்தி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அடுத்த காப்பகம் நாற்பது மைல். நம் ஊரில் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கே என்னிடம் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் வரிசையில் நின்றாலும், எத்தனை பெரியவர் எத்தனை சிறியவர் என்று வாய் தானாக எண்ணுகிறது.

இதை அவர்களிடமே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பாய். சொல்லி, பணம் வராமல் போனால்? ஆசை காட்டி மோசம் பண்ணியவள் என்ற பெயர் வேண்டுமா எனக்கு? சரி, பணத்தைப் பற்றிச் சொல்லாமல், நீ இருப்பாயா போவாயா என்று மட்டும் கேட்கலாம். போகிற எண்ணமே இல்லாதவளுக்கு அந்த எண்ணத்தை நானே ஊட்டியதாகிவிடாதா? நம் வீட்டில் யார் யாரிடம் எதை வாய்விட்டுக் கேட்டிருக்கிறோம்? அப்பா அம்மாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்ததே, புது டிராக்டருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டுத்தானே!

அதனால் வாயால் கேட்காமல் காரியத்தில் காட்டலாம் என்று இறங்கினேன். அங்கேதான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. போன வாரத்துக்கு முந்தின வாரம் பனி கொட்டியதே, அன்று காலை ஆறு மணிக்கு டுவைலா வீட்டு வாசல் பனியை நானே தள்ளினேன். இடுப்பு பிடித்துக்கொண்டு அவள் வீட்டுத் தபால் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி பத்து நிமிஷம் நின்றேன், ஜன்னல் வழியாக அவள் புருஷன் மெர்ல் காபிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் ஒரு ஹாட்டிஷ் செய்து, மாட்டுக்கறி, பீன்ஸ், மேலே உருளைக்கிழங்கு உருண்டை எல்லாம் அடுக்கி ஓவனில் வைத்துச் சுடச்சுட எடுத்துக்கொண்டு போனேன். மெர்ல் கதவைத் திறந்தார், தட்டைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

"யாருக்கு என்ன ஆச்சு, ஆர்டிஸ்?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. சும்மாதான். டுவைலாவை எனக்கு எவ்வளவு பிடிக்கும்னு..."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டை அவர் கையில் திணித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால் பாரபட்சம் என்பார்களே என்று மற்ற மூவருக்கும் கொண்டுபோனேன், ஹோடனுக்காக ஹலால் கறி தேடி நாற்பது மைல் வண்டி ஓட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, "அல்லா உங்களுக்குத் தைரியம் குடுக்கட்டும்" என்றாள். நல்ல பெண், என் பயம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

பிறகு மாநில அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வந்து அறைகளை நாடா வைத்து அளந்துகொண்டு போனான். யார் என்று எல்லோரும் கேட்டார்கள், விண்ணப்ப விஷயம் வெளியே வரக்கூடாதே என்று, தெரிந்தவர் ஒருத்தர் என்று சொல்லி வைத்தேன். அவன் வருவதற்காகப் பதினாலு வருஷத்துச் சாமான் அலமாரியைக் காலி செய்து பெட்டி பெட்டியாக வாசலில் வைத்திருந்தேன். சூப்பர் மார்க்கெட் பலகையில் வெய்ன் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கிழித்துக் கோட்டுப் பையில் போடும்போது பாதிரியார் பின்னால் நின்று, "நீயும் வேலை தேடுறியாம்மா?" என்று பரிவோடு கேட்டார். என்ன சொல்வது? ஆமாம் என்று சொல்லிவிட்டேன் தம்பி. பொய் சொன்னது சர்ச்சுக்காரரிடம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போ நெலமை என்னன்னா, டுவைலா ஒன்பது நாளாக என் பின்னாலேயே வருகிறாள். "ஆர்டிஸ், ஒரு நிமிஷம் பேசணும்" என்கிறாள். இந்த நாலு வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? போன வருஷம் வேலையை விட்டவள், அதற்கு முந்தின வருஷம் வேலையை விட்டவள், எல்லோரும் இதே நாலு வார்த்தையில்தான் ஆரம்பித்தார்கள். அவள் சொல்லி என் காதில் விழாதவரை அவள் ஊழியர்தானே? அதனால் அவள் வாயைத் திறந்தால் நான் எங்கேயாவது புகுந்துகொள்கிறேன். நேற்று ஃப்ரீசர் அறைக்குள் போய்ப் பட்டாணி மூட்டை எண்ணுகிற மாதிரி இருபது நிமிஷம் நின்றேன், பல் கிடுகிடுத்துப் போச்சு. இன்னும் மூணே நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணி தாண்டிட்டா மாநிலப் பணம் வந்துரும், நானும் தைரியமா அவங்ககிட்ட சொல்லிருவேன். அதுவரைக்கும் அந்த விளம்பரம் அவ கண்ணுல படக்கூடாது. என்னமோ சாக்குச் சொல்லு, மை தீர்ந்துருச்சுன்னு சொல்லு, அச்செழுத்து காணாமப் போச்சுன்னு சொல்லு. சின்ன வயசுல உன் பல்லு உடைஞ்சதுக்கு நான்தான் அடி வாங்கினேன், அதை நான் சொல்லிக்காட்டறதில்ல, இப்ப சொல்றேன். எனக்குப் பயமா இருக்குடா. அந்த எட்டுத் தொட்டிலையும் பார்க்கிறப்பல்லாம் பயமா இருக்கு.

கோரினுக்கு என் அன்பு, ஆனால் இந்தக் கடிதம் வேண்டாம். உங்கள் நாய்க்கு என் விசாரிப்பு. நீயும் உன் பத்திரிகையும் நூறு வருஷம் எழுத்துப் பிழையில்லாமல் வாழ வேண்டும், வெய்னின் விளம்பரம் இல்லாமல் ஒரே ஒரு வாரம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன் உன் அக்கா,
ஆர்டிஸ் கெல்ஸ்டாட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அறைக் கதவு திறந்தது. டுவைலா. அவளுக்குப் பின்னால் ஹோடன், தோளுக்கு ஒன்றாக இரண்டு குழந்தையோடு. நாற்காலி பிருஷ்டத்தில் மாட்டிக்கொண்டதால் என்னால் எழுந்து ஓட முடியவில்லை.

"ஆர்டிஸ், உங்களுக்கு கேன்சரா?" என்றாள் டுவைலா.

"ஐயையோ, இல்லையே!"

"அப்போ காப்பகத்தை வித்துட்டீங்க."

"யாரு சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? அளவெடுக்க ஆள் வந்தான். அலமாரியைக் காலி பண்ணீங்க. வேலை தேடுறேன்னு பாதிரியார்கிட்டயே சொல்லியிருக்கீங்க. எல்லாத்துக்கும் மேல வீட்டுக்கு வீடு ஹாட்டிஷ்! இந்த ஊர்ல வாசலுக்கு ஹாட்டிஷ் எதுக்கு வரும், சாவுக்கு வரும், ஆபரேஷனுக்கு வரும், வீடு எரிஞ்சா வரும். மெர்ல் ரெண்டு நாள் அந்தத் தட்டைத் தொடவே இல்ல. என்ன ஆச்சுன்னு கேக்க வந்தா ஃப்ரீசருக்குள்ள போய் ஒளியிறீங்க. பயந்துட்டோம். சனிக்கிழமை நாங்க நாலு பேரும் நேரா வெய்ன்கிட்டயே போய் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டோம். வெள்ளிக்கிழமை காலையில வரச் சொல்லியிருக்கார்."

நாலு பேரும். நான் ஒருத்தி போவாளோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன், நாலு பேரையும் நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

பதினாலு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன் தம்பி. மாநிலப் பணத்தைப் பற்றிச் சொன்னேன், வராமலும் போகலாம் என்பதையும் சொன்னேன். அப்புறம், "போகாதே டுவைலா. நீ போனா என்னால முடியாது. ஹோடன், நீயும் போகாதே" என்று சொன்னேன். சொல்லும்போது அழுதேன், ஹோடன் தோளிலிருந்த ஒரு குழந்தையும் துணைக்கு அழுதது.

டுவைலா பையிலிருந்து போனை எடுத்தாள். "இதைக் கேட்டிருந்தா அன்னிக்கே சரின்னிருப்பேனே" என்றாள். அங்கேயே நின்று வெய்னுக்குப் போன் போட்டாள். ஹோடன் போட்டாள். மற்ற இருவரையும் கூப்பிட்டார்கள், அவர்களும் போட்டார்கள். வெய்ன் நாலு தடவையும், "ஓ, அப்படியா, சரி" என்று மட்டும்தான் சொன்னாராம், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. அவர் விளம்பரத்தை முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, உன்னிடம் இருப்பதிலேயே பெரிய எழுத்தில் போடு. வெள்ளிக்கிழமை காலை கடை திறக்க அந்த மனுஷனிடம் ஒரு ஆள்கூட இல்லை. இன்றைக்கு மத்தியானம் அவருக்கு எப்படி இருக்கும் என்று இந்த ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.