காலண்டரில் மட்டும் ஜெயித்த அணி

கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்பது இருபத்திரண்டு வயது டிசம்பர் வரை எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே சிவகாசியில் ஒரு அச்சகத்தின் ஆஸ்தான கால்பந்து நிபுணர் நான்தான்.

அது இப்படித்தான் ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் சென்டரில் டிசைனிங் படித்து முடித்ததும் வேலைக்கு பயோடேட்டா தேவைப்பட்டது. அங்கே கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடந்த யாரோ ஒரு அண்ணனுடைய பயோடேட்டாவைத் திறந்தேன். பெயரை மாற்றினேன், அப்பா பெயரை மாற்றினேன், ஊரைத் தாயில்பட்டி என்று மாற்றினேன். கடைசி வரியை மறந்துவிட்டேன். அதில் 'பொழுதுபோக்கு: கால்பந்து' என்று இருந்தது. (அதற்கு மேல் வரியில் 'பாலினம்: ஆண்' என்று இருந்ததை நல்லவேளையாகப் பார்த்துவிட்டேன்.)

அச்சக முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் பயோடேட்டாவைக் கீழே இருந்து மேலே படிக்கிற ரகம்.

"பந்தெல்லாம் வெளையாடுவியாம்மா?"

"வெளையாடமாட்டேன் அண்ணாச்சி. ஆனா அதப் பத்தி நெறையத் தெரியும்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தான் லேபிள் ஒட்டுகிற தீப்பெட்டி ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, மகள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகிறாள் என்று வழியில் ஏறிய இறங்கிய பஸ் எல்லாவற்றிலும் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். அவள் முகத்தைக் கதவிடுக்கில் பார்த்தபடி யாரால் உண்மை பேச முடியும்?

வேலை கிடைத்தது. கூடவே பட்டமும். மெஷின் ஓட்டுகிற மாரிமுத்து அண்ணன் என்னை 'புட்பால்' என்றே கூப்பிட ஆரம்பித்தார். ஆபத்து எதுவும் இல்லை. எங்கள் ஊரில் பேச்செல்லாம் கிரிக்கெட் பற்றித்தான், பந்தை உதைப்பது பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

டிசம்பர் முதல் வாரம் மலப்புறத்திலிருந்து மொய்து காக்கா வந்தார்.

காக்கா என்றால் அங்கே அண்ணன் என்று அர்த்தம். அவர் ஊரில் ஒரு கால்பந்து கிளப் நடத்துகிறவர். புது வருடத்துக்கு மூவாயிரம் காலண்டர் வேண்டும் என்றார். சாமி படம், இயற்கைக் காட்சி எதுவும் வேண்டாம். அந்த மாதம் ஜப்பானில் ஒரு போட்டி நடக்கிறதாம். ஆறு கண்டங்களிலும் சாம்பியனான கிளப்புகள் ஒரே இடத்தில் கூடி மோதுகின்றன. கடைசியில் ஜெயிக்கிற கிளப்தான் உலக சாம்பியன். அதன் படம் நடுவில் பெரிதாக வரவேண்டும்.

"நம்ம மகாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. நீங்க கவலைப்படாதீக" என்றார் அண்ணாச்சி.

மொய்து காக்கா என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் ஒரு சக பக்தரைக் கண்ட பரவசம். "அப்படியா மோளே! ஃபைனலுக்கு யாரு வரும்?"

நான் கொஞ்சம் யோசிப்பதுபோல மேலே பார்த்தேன். "நல்லா ஆடுறவங்க வருவாங்க."

"கரெக்ட்!" என்று மேஜையைத் தட்டினார். (இன்றுவரை நான் சொன்ன ஒரே சரியான கால்பந்துக் கருத்து அதுதான்.)

நல்லா ஆடியவர்கள் வந்தார்கள். ஒரு பக்கம் பிரேசில் கிளப், இன்னொரு பக்கம் இங்கிலாந்து கிளப். மொய்து காக்கா இரண்டின் படங்களையும் அனுப்பி, காலண்டரில் வரவேண்டிய மலையாள வாசகத்தையும் அனுப்பிவைத்தார். நான் இரண்டு டிசைனையும் முடித்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேட்ச் முடிந்ததும் ஃபோன் செய்வார். ஜெயித்தவர்களின் டிசைனை திங்கட்கிழமை மெஷினில் ஏற்றவேண்டும். எளிய திட்டம். ஒரு குழந்தையிடம் கொடுத்தாலும் ஒழுங்காக முடித்துவிடும். ஆனால் கொடுத்தது எங்களிடம்.

வெள்ளிக்கிழமை ஒரு கோயில் காலண்டர் ஆர்டர் அவசரமாக வந்து விழுந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து நான்கு நாளைக்குப் பெரிய மெஷின் சாமிக்குத்தான். மொய்து காக்காவோ புதன்கிழமை சரக்கு எடுக்க வருகிறார். மெஷின் சும்மா இருப்பது சனிக்கிழமை மட்டும். அண்ணாச்சி என் மேஜைக்கு வந்து, இரண்டு டிசைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, யாரு ஜெயிப்பாக?"

இந்த இடத்தில் 'தெரியாது அண்ணாச்சி' என்ற இரண்டு வார்த்தைகள் போதுமாக இருந்தன. எட்டு மாதம் நிபுணராக இருந்த ஒருத்திக்கு அந்த இரண்டு வார்த்தைகளும் மறந்துபோய்விடுகின்றன.

"இங்கிலாந்துதான் அண்ணாச்சி. சந்தேகமே இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"அவங்கள யாராலயும் அசைக்க முடியாது."

உண்மையில் நான் கண்ட ஆதாரம், போட்டோவில் அவர்கள் உயரமாக இருந்தார்கள் என்பதுதான். அண்ணாச்சி படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஏலே மாரிமுத்து, ஏத்துலே மெஷின்ல!" என்றார்.

சனிக்கிழமை பகல் முழுக்க மெஷின் ஓடியது. மூவாயிரம் தாள்களில் இங்கிலாந்து கிளப், ஆடாமலே உலக சாம்பியன் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேட்ச். அண்ணாச்சி தன் வீட்டு டிவியில் பார்க்க எங்களைக் கூப்பிட்டிருந்தார். முதலாளி வீட்டுக்கு மகள் தனியாகப் போவதா என்று அம்மாவும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கிளம்பிவிட்டாள். அண்ணாச்சி வீட்டம்மா பெரிய தட்டு நிறையக் காராச்சேவு வைத்தார்கள். மாரிமுத்து அண்ணன் அச்சடித்த காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து டிவிக்கு மேலே ஆணியில் மாட்டினார். கீழே அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், மேலே அவர்கள் ஜெயித்துவிட்டிருந்தார்கள்.

முதல் பாதியிலேயே பிரேசில்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள்.

அறையில் காராச்சேவு கடிக்கும் சத்தம் நின்றது.

"ஆரம்பத்துல அப்படித்தான் அண்ணாச்சி விட்டுக்குடுப்பாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு இங்கிலாந்துக்காரர்கள் படை எடுத்து வந்தார்கள். ஒரு தலை முட்டல், பந்து வலைக்குள். நான் எழுந்து குதித்தேன். என்னைப் பார்த்து அம்மா குதித்தாள். அம்மாவைப் பார்த்து அண்ணாச்சியும் எழுந்துவிட்டார். டிவியில் ஓரத்தில் ஒருவர் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றார். கோல் இல்லையாம்.

"ஏம்மா இல்லங்கான்? பந்து உள்ளதானே போச்சு?"

எல்லாரும் நிபுணரைப் பார்த்தார்கள். திரையில் 'ஆஃப்சைட்' என்று எழுத்து வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது எங்கள் அச்சு முறையான ஆஃப்செட் ஒன்றுதான்.

"நம்ம ஆஃப்செட் மாதிரிதான் அண்ணாச்சி. பந்து உள்ளதான் போச்சு. ஆனா... ரெஜிஸ்டர் தப்பிருச்சு."

அச்சில் நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் ரெஜிஸ்டர் தப்பிவிட்டது என்போம். அந்தத் தாள் குப்பைக்குத்தான் போகும். மாரிமுத்து அண்ணன் மெதுவாகத் தலையாட்டினார். "அப்ப வேஸ்ட் ஷீட்டுதான். எண்ணக்கூடாது" என்றார். எனக்கே ஒரு கணம் அது சரி என்று தோன்றியது.

இன்னும் இரண்டு தடவை பந்து வலைக்குள் போனது. இரண்டு தடவையும் ரெஜிஸ்டர் தப்பியது. மூன்றாவது தடவை யாரும் குதிக்கவில்லை. நடுவர் கடைசி விசிலை ஊதினார். பிரேசில்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். கோப்பையைத் தூக்கினார்கள். தலைக்கு மேலே ஆணியில் தோற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏ மகா, நம்மாளுக ஜெயிச்சிட்டாகளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாக, மூக்கு ஒழுக, முதலாளி வீட்டு சோபாவில் உட்கார்ந்து அழுதேன். "அண்ணாச்சி, எனக்குப் பந்து வெளையாட்டே தெரியாது. பயோடேட்டா வேற ஆளோடது. அந்த ஒரு வரிய மாத்த மறந்துட்டேன்."

மாரிமுத்து அண்ணன் காராச்சேவைத் தட்டிலேயே திருப்பிப் போட்டார். "நேத்துப் பூரா நின்னேனே புட்பாலு! மத்தியானச் சோறுகூட ஒழுங்காத் திங்கல" என்றார். அண்ணாச்சி எழுந்தார். அறைக்குள் இரண்டு நடை நடந்தார். போச்சு, நாளையிலிருந்து நாற்காலி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட, அம்மா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் தாங்க முடியவில்லை.

"ஒனக்குப் பந்து தெரியாது. சரி" என்றார் அண்ணாச்சி கடைசியில். "இருவத்தஞ்சு வருசமா பிரஸ் நடத்துற எனக்கு, நடக்காத மேட்ச்சுக்குக் காலண்டர் அடிக்கக்கூடாதுன்னு தெரிய வேண்டாமா? அழுகாத. மூக்கச் சிந்து மொதல்ல."

அந்த நேரத்தில் அம்மா எழுந்துபோய், டிவிக்கு மேலிருந்த காலண்டரைக் கழற்றினாள். படத்தின் மேல் கையை விரித்து வைத்து ஜாண் போட்டு அளந்தாள்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீகளே? ஒண்ணரைச் சாணுதான இருக்கு. செயிச்சவுக படத்த லேபிளா அடிச்சுக் குடுங்க. இது மேல ஒட்டிட்டாப் போகுது. தீப்பெட்டிக்கு ஒட்டாததா?"

அண்ணாச்சி அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குப் பின்னால் கோயில் கதவு திறந்ததைப் பார்த்ததுபோல இருந்தது அவர் முகம்.

திங்கட்கிழமை காலை சின்ன மெஷினில் பிரேசில் கிளப் லேபிளாக வெளியே வந்தது. பத்து மணிக்கு அம்மா எங்கள் தெருவிலிருந்து ஆறு பெண்களோடு வந்து இறங்கினாள். பைண்டிங் அறைத் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மைதா மாவும் மயில்துத்தமும் போட்டுப் பசை காய்ச்சினார்கள். பலகையில் பசையைத் தடவி, லேபிளைப் பரப்பி, எடுத்து, வைத்து, ஒரு வழி வழித்து, அடுத்தது. அவர்கள் கை போன வேகத்தைப் பார்த்தால் அந்த ஜப்பான் மைதானத்தில் ஓடியவர்கள் வெட்கப்படுவார்கள்.

நானும் நாற்காலியை விட்டு இறங்கி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பத்து ஒட்டினால் நான் ஒன்று ஒட்டினேன். அதுவும் சாய்ந்திருக்கும். ஒரு கட்டு முழுக்கத் தலைகீழாக ஒட்டிவைத்தேன்.

அம்மா அதை எடுத்துப் பார்த்தாள். "ஏட்டி, பாவம், பதினோரு பேரும் தலைகீழா நிக்காக. எறக்கி விடு."

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ஆமாம், பதினோரு பேர்.

"என் மேல கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"கோவந்தான். தெரியாதத தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள். கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து ஒட்டிவிட்டு, "நான் வேற வாசல்ல வந்து உக்காந்துக்கிட்டேன். நீ எப்படிச் சொல்லுவ?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

புதன்கிழமை மொய்து காக்கா வந்தார். ஒரு காலண்டரை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மலர்ந்தது. பிறகு கட்டைவிரல் நகத்தால் படத்தின் ஓரத்தை லேசாக நெருடினார். ஓரம் எழுந்தது. உள்ளே ஒரு இங்கிலாந்துக்காரரின் காது தெரிந்தது.

"இது எந்தா மோளே?"

இந்தத் தடவை நான் யாரையும் முந்திக்கொண்டு உண்மையைச் சொன்னேன். பயோடேட்டாவில் ஆரம்பித்து மைதா மாவு வரை, மூச்சுவிடாமல். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு காலண்டரால் முகத்தை மறைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "சாரமில்லா, பரவாயில்ல. எங்க ஊர்ல பாதிப் பேர் பிரேசில், பாதிப் பேர் இங்கிலாந்து. எல்லாருக்கும் ஆச்சு" என்று சொல்லிவிட்டு, மூவாயிரத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்.

கதை அதோடு முடிந்தது என்று நினைத்தோம். பிப்ரவரியில் ஃபோன் வந்தது. மலப்புறத்து ஈரக் காற்றில் லேபிள்கள் தாமாகவே உரிய ஆரம்பித்திருக்கின்றன. விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இங்கிலாந்து ரசிகர்கள் போகிற வீட்டிலெல்லாம் லேபிளை உரித்துவிடுகிறார்களாம். பிரேசில் ரசிகர்கள் சோற்றுப் பருக்கையை வைத்து மறுபடி ஒட்டுகிறார்களாம். ஒரு வீட்டில் அண்ணன் காலையில் உரிக்க, தம்பி மத்தியானம் ஒட்ட, வாப்பா இரண்டு பேரையும் சாயங்காலம் அடிக்க, தினமும் அந்த மேட்ச் நடந்துகொண்டிருந்ததாம். அடுத்த வருடமும் மொய்து காக்கா எங்களிடம்தான் ஆர்டர் கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "லேபிளை ஒட்டவேண்டாம் மோளே. தனியா தா. அவங்கவங்க இஷ்டத்துக்கு ஒட்டிக்கட்டும்."

அண்ணாச்சி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அம்மாவுக்கும் பைண்டிங் அறையில் ஒரு இடம் கொடுத்தார், மேஸ்திரியாக. அவளுக்கென்று ஒரு நாற்காலியும் போட்டார். அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் கல்யாணமாகி விருதுநகர் வந்த பிறகும் அந்தக் காலண்டர் என்னை விடவில்லை. இன்று மழை வராது, இந்தப் பஸ் சூலக்கரையில் நிற்கும், சாம்பாரில் உப்புப் போட்டாயிற்று என்று நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும். அம்மா வந்திருக்கிற நாளாக இருந்தால் வீட்டுக்காரர் அலுங்காமல் அவளைப் பார்ப்பார். அம்மா, "பசை காய்ச்சவா?" என்பாள்.

வயிற்றில் பிள்ளை இருந்தபோது பெண் குழந்தைதான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். சந்தேகமே இல்லை என்றேன். எட்டு கவுன் தைத்து அடுக்கினேன், எல்லாம் ரோஸ் கலர். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது, துணியில் சுற்றிய பையனை ஏந்திக்கொண்டு அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி," என்றாள், "இதுக்கு மேல ஒட்டுறதுக்கு எங்கிட்ட லேபிள் கெடையாது."