மாணிக்கத்தின் சட்டையில் போன எல்லை

நல்ல துணியைக் கண்டால் எனக்குப் புத்தி நின்றுவிடும். இது என் பிறவிக் குணம். அதோடு வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கவும் கூச்சம். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரங்கூன் பட்டணத்தில் ஒரு வார்டின் எல்லையே சாட்சி.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மிங்கலா தாங்ஞுன்ட் என்கிற பேட்டையில் ரயில் வேலியை ஒட்டி ஒரு மர வீட்டு வரிசை. அதில் ஐந்தாவது எங்கள் வீடு. ஆறாவது மா டின் வீடு. மா டின் பர்மாக்காரப் பெண், அவள் புருஷன் நம்ம ஊர்க்காரர், ரயிலில் வேலை. ஐந்து மாதத்துக் கைக்குழந்தை மாணிக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர். அதில் ஒரு பலகை கிடையாது. என் குழம்பும் அவள் மீன் வறுவலும் அந்தச் சந்து வழியாகத்தான் போய்வரும்.

என் வீட்டுக்காரர் சர்வே ஆபீசில் வரைபடம் நகலெடுப்பவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தச் சமயம் சட்டசபைக்கு ஆள் அனுப்புகிற தொகுதிகளுக்கு எல்லை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர் விளக்கினார்: ஒரு வார்டில் ஜனம் பெருத்துவிட்டது, பக்கத்து வார்டில் இளைத்துவிட்டது, இங்கே கொஞ்சம் பிரித்து அங்கே சேர்க்க வேண்டும். (ரவிக்கைக்குப் பக்கம் பிரித்துத் தைக்கிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். நான் படித்தது நாலாம் வகுப்பு.) புது எல்லையை வரைந்து திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஜனங்கள் பார்க்கத் தொங்கவிட வேண்டும். ஆட்சேபணை இருந்தால் மனு கொடுக்கலாம். அந்தப் படம் நன்றாக அமைந்தால் இவர் வேலை நிரந்தரம். கெட்டால் வீட்டுக்கு.

"நம்ம வரிசையையே ரெண்டாப் பிரிக்குது கோடு. நமக்கும் மா டின்னுக்கும் நடுவுல, அந்தப் பலகைச் சுவர்லயே போகுது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்போ குழம்புக் கிண்ணம் தாண்டக் கூடாதுங்களா?"

அவர் சிரித்த சிரிப்பில் தாம்பாளமே அதிர்ந்தது. "ஓட்டுத்தான் வேற வேற. குழம்புக்கு எல்லை கிடையாது, போ."

நான் அழுததை மா டின் பலகைச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வரைகிற துணி ஒன்று உண்டு. கஞ்சி ஏற்றிக் கண்ணாடி மாதிரி மினுங்கும். வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் கஞ்சியும் கோடும் கழன்று, உள்ளே பூப்போல மெல்லிய துணி. கெட்டுப்போன படங்களை அவர் எனக்குக் கொண்டுவருவார். அதில்தான் வரிசையிலுள்ள பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு சுருள் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று தள்ளுபடியான பழசு. ஒன்று புது எல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுத்து மட்டும் போட வேண்டும் என்றார்.

"இடது பக்கம் இருக்கறது உனக்கு."

அவர் மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். யாருடைய இடது என்று கேட்டிருக்கலாம். (புருஷனிடம் போய் இடது எது, வலது எது என்று கேட்பதா?) என் இடது கைப்பக்கம் இருந்ததை எடுத்துக்கொண்டு போய் வெந்நீரில் போட்டேன். கறுப்புக் கோடெல்லாம் மங்கி நிழலாகிவிட்டது. எல்லைக்குப் போட்டிருந்த சிவப்பு மை மட்டும் பிடிவாதமாக நின்று, ஓரிடத்தில் கசிந்து ரோஜா நிறமாகிவிட்டது. அதுவும் அழகுதான் என்று வெட்டித் தைத்தேன். மறுநாள் காலை மாணிக்கம் போட்டுக்கொண்டான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் சுருளை விரித்தார். புரட்டி மறுபக்கமும் பார்த்தார். பிறகு, "கனகு, இடது பக்கம்னு சொன்னேனே?"

"இடதுதாங்க எடுத்தேன்."

"உன் இடதா, என் இடதா?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் குரல். ஆபீசில் இவருக்கு மேலதிகாரி சாமுவேல் பிள்ளை. படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க டிராம் ஏறி வந்துவிட்டார்! நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். இவர் உண்மையைச் சொன்னார்.

"துணி எங்கே இப்போ?"

"பக்கத்து வீட்டுல சார். அழுதுகிட்டிருக்கு."

மா டின் குழந்தையோடு வந்தாள். அவன் கன்னத்தில் பர்மாக்காரர்கள் அரைத்துப் பூசுகிற தனக்காப் பட்டைப் பூச்சு, உடம்பில் எங்கள் வார்டு. சாமுவேல் பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாணிக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சந்தை தோள்ல இருக்கு. ரயில்பாதை வயித்தைச் சுத்திப் போகுது. எல்லை... எங்கேய்யா எல்லை? கக்கத்துக்குள்ள போயிடுச்சா?"

அவர் இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து மாணிக்கம் அவர் கோட்டு, கால்சட்டை முழுவதையும் நனைத்துவிட்டான்.

மா டின்தான் அவளுடைய தமிழில் ஆரம்பித்தாள். "சாரே, கனகக்கா மேல கோபம் வேணாம். நம்ம ரெண்டு வீடு பிரியக் கூடாதுன்னு அழுதிச்சு. அதான் கோடு அழிச்சிடுச்சு. ரொம்ப தைரியம்!"

ஐயோ இல்லை, இடது வலது தெரியாமல் செய்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வந்தால்தானே? கதவிடுக்கில் தலை மட்டும் ஆடியது. அது ஆமாம் என்று ஆடிவிட்டது.

சாமுவேல் பிள்ளை கதவுப் பக்கம் பார்த்தார். "ஏம்மா, ஆட்சேபணை இருந்தா மனு எழுதிக் கொடுக்கணும். துவைச்சுக் காயப்போடக் கூடாது."

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். கோட்டைக் கழற்றினார், சிரித்தார். பலகைச் சந்தைப் பார்த்தார், அதில் இருந்த குழம்புக் கிண்ணத்தைப் பார்த்தார், மறுபடி சிரித்தார். "ஓட்டைச் சுவத்துல கோடு போட்டா எப்படி நிக்கும்? இந்தா, பையன் சட்டையில சிவப்பு கசிஞ்சு ரயில் வேலிக்கே போயிருக்கு பார். பத்துப் பன்னிரண்டு வீட்டால கணக்கு கெட்டுடாது. துரைகிட்ட நான் கேட்டுப் பார்க்கறேன். வாய்யா, ஆபீசைத் திறக்கலாம். பென்சில்ல போட்ட மூலப்படம் அங்கே இருக்கு, ரெண்டு பேரா உட்கார்ந்தா பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அவர் என் வீட்டுக்காரருடைய லுங்கியும் சட்டையுமாகவே டிராம் ஏறினார். துரை என்ன நினைத்தாரோ, ஒப்புக்கொண்டுவிட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்குத் தொங்கிய படத்தில் எல்லை ரயில் வேலியோரம் போனது, எங்கள் வரிசை முழுவதும் ஒரே வார்டில். ஒரு மனுகூட வரவில்லை. இவருக்கு வேலையும் நிரந்தரமானது.

எனக்குத்தான் கஷ்டகாலம். குழாயடிக்குப் போனால் வழிவிடுவார்கள். "சர்க்கார் போட்ட கோட்டையே அழிச்ச பொம்பளை" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். உண்மையை இவரைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. (இப்போது உங்களிடம் சொல்கிறேன்.)

மாணிக்கத்துக்கு அன்றைக்கே வார்டு என்று பெயர் வந்துவிட்டது. கல்யாணத்தில் மாப்பிள்ளை வார்டு, இப்போது பேரன் பேத்திகளுக்கு வார்டு தாத்தா. என் வீட்டுக்காரர் கண்மூடுவதற்கு முன் அந்த இடது வலது கதையை அவனிடம் மட்டும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஏனென்றால் ஒவ்வொரு தீபாவளிக்கும் நரைத்த தலையோடு வாசலில் நின்று அவன் கூப்பிடுகிறான்:

"அத்தை, வார்டு வந்திருக்கேன். எந்தப் பக்கம் உட்காரட்டும், இடது பக்கமா? உங்க இடதா, என் இடதா?"