வெறுங்கை வேந்தர் ஒரு மணி நேரம் பொருதது

வாழி, வெறுங்கை வேந்தே! ஏடு தீண்டாத் தூயவனே, குறிப்பெழுதாக் கொற்றவனே, நகலெடுக்கும் இயந்திரத்தின் வாசலை ஒருநாளும் மிதியாத திருவடியோனே! மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், கைப்பலகை பொருத்திய பதினாறு நாற்காலிகளும், ஒழுகும் ஏசியும், அதற்கடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் சூழ நின்று, ஆங்கிலப் பேச்சென்னும் பெருங்கடலை ஒரே ஒரு மார்க்கரை மத்தாக்கிக் கடையத் துணிந்த மாவீரனே! உன் புகழ் பாடச் சொல்வளம் தருவாய் என்று உன்னையே வேண்டியிருப்பேன். ஆனால் நீ எதையும் தயாராக வைத்திருக்க மாட்டாய் என்பதால் நானே பார்த்துக்கொள்கிறேன்.

இந்த வேந்தர் ஆங்கிலப் பயிற்சி நிலையமொன்றில் வாத்தியார். ஆறு ஆண்டுகளுக்கு முன் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போனார். மாணவர்களைப் பேசவிடு, பேச்சிலிருந்தே பாடம் பிறக்கும், மூட்டை மூட்டையாகத் தயாரித்துச் சுமக்காதே என்று அங்கே யாரோ சொன்னார்கள். சொன்னதில் குற்றமில்லை. மாணவர் வாயிலிருந்து விழுவதைக் காது கொடுத்துக் கேட்டு, அந்த நொடியிலேயே அதைப் பாடமாக்க வல்லவருக்கு அந்த முறை அமுதம். நம்மவருக்கு அது சாய்வு நாற்காலி. பட்டறையிலிருந்து அவர் நான்கு கேள்விகளோடு திரும்பினார், அந்த நான்கையே ஒவ்வொரு பேட்சுக்கும் அதே வரிசையில் கேட்டுக்கொண்டு ஆறு ஆண்டுகளை ஓட்டினார்.

அடுத்த அறைக்கு உரியவர் கத்தரிக்கோல் டீச்சர். மதிய உணவின்போதும் ஒரு கையால் சாப்பிட்டு மறுகையால், மாணவர்கள் வேடமேற்றுப் பேச அட்டை வெட்டுபவர். ஒரு அட்டையில் ஓட்டல் வரவேற்பாளர், இன்னொன்றில் அறையில் தண்ணீர் வரவில்லை என்று கத்தும் விருந்தாளி. அவரெதிரே ஆசிரியர் அறை நடுவில் நின்று வேந்தர் முழங்கினார்: "புத்தகம் மொழிக்குச் சிறை! கத்தரிக்கோல் கோழையின் வாள்! என்முன் அமர்ந்த மாந்தரே என் நூல், அவர்தம் வாழ்வே என் பாடம்! யான் வினவுவேன், அவர் மொழிவர், ஆங்கிலம் தானே ஊறும்!"

"சரி சார், அந்தப் பசை டப்பாவ கொஞ்சம் இப்படித் தள்ளுங்க," என்றார் டீச்சர்.

இந்நிலையில்தான் தலைமைப் பயிற்றுநர் என்னும் அரியணை காலியாயிற்று. போட்டியில் இவர்கள் இருவரே. நிலையத்தின் நிர்வாகி அம்மையார் இருவர் வகுப்பிலும் ஒவ்வொரு மணி நேரம் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார், பார்த்தபின் முடிவு சொல்வார். டீச்சர் வகுப்பை முந்தின நாளே பார்த்து முடித்தாயிற்று. வேந்தரோ, வகுப்பு நடக்கும் முன்பே பதவி கிடைத்துவிட்டதாக மைத்துனரிடம் போனில் சொல்லிவிட்டார். சாதாரண மைத்துனரல்ல, ஒவ்வொரு சந்திப்பிலும் "என்ன மாப்ள, இன்னும் அதே வாத்தியார் வேலைதானா?" என்று சிரித்துக்கொண்டே குத்தும் மைத்துனர். அவர் வாயை ஒரு முறையாவது அடைக்க வேண்டும் என்பது வேந்தரின் பத்தாண்டு விரதம்.

அன்று காலை மனைவி வாசலில் வழிமறித்தார். "எங்க அண்ணன்கிட்ட எதுக்கு இப்பவே சொன்னீங்க? சரி, இன்னிக்கு ஒருநாளாவது ஏதாவது எழுதி எடுத்துட்டுப் போங்களேன்."

"போர்க்களம் புகும் சிங்கம் குறிப்பேடு கொண்டு செல்லுமோ?" என்று கேட்டுவிட்டு வேந்தர் செருப்பை மாட்டினார்.

மாலை ஐந்து மணி. பின்வரிசையில் தனியே போட்ட நாற்காலியில் நிர்வாகி அம்மையார் ஃபைலை மடியில் விரித்து அமர்ந்தார். எதிரே திரண்டு நின்றது பதினாறு பேர் கொண்ட படை: முகப்பில் எலக்ட்ரீஷியன், அவருக்கு வலப்புறம் வெளிநாட்டு வேலைக்கு வெள்ளிக்கிழமை நேர்காணல் வைத்திருந்த நர்ஸ், இடப்புறம் தையல்காரம்மா, பின்னால் டாக்சி ஓட்டுநரும் வங்கி குமாஸ்தாவும் மற்றவர்களும். வேந்தர் வெறுங்கையை விரித்துக் காட்டினார். பின்பு, தூணிக்குள் இருந்த முதல் கணையை, ஆறாண்டு எய்தும் மழுங்காததாக அவர் நம்பிய அக்கணையை, நாணேற்றி விடுத்தார்: "வாட் டிட் யூ டூ லாஸ்ட் சண்டே?"

எலக்ட்ரீஷியன் எழுந்தார். மற்ற நாட்களில் எஸ், நோ என்ற இரண்டோடு பிழைப்பவர் அன்று அணை உடைந்ததுபோல் பொழிந்தார். ஞாயிறன்று குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனாராம், காற்று இனிமையாக வீசியதாம், தம்பி ஐஸ்கிரீமைக் கீழே போட்டானாம், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். ஒரு பிழை இல்லை. அம்மையாரின் புருவம் உயர்ந்தது. வேந்தரின் மார்பு சட்டைப் பொத்தான்களைச் சோதித்தது. மைத்துனரே, கேளும், கேளும் என்று அவர் நெஞ்சம் முரசறைந்தது.

அடுத்து தையல்காரம்மா. அவரும் கடற்கரைக்குப் போயிருந்தார். அவர் தம்பியும் ஐஸ்கிரீமைக் கீழே போட்டான்.

மூன்றாவதாக டாக்சி ஓட்டுநர், நான்காவதாக வங்கி குமாஸ்தா. அலை அலையாகக் குடும்பங்கள் வந்து அந்தக் கடற்கரையில் இறங்கின, காற்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இனிமையாக வீசியது, ஐஸ்கிரீம்கள் மணலில் வரிசையாய் மாண்டு கிடந்தன. ஒரே ஞாயிறு, ஒரே மணல், ஒரே தம்பி! வேந்தர் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. வியூகத்தை மாற்றினார். "வொய்?" என்று குறுங்கணை ஒன்றை எறிந்தார். "பிகாஸ் இட் வாஸ் வெரி ஹாட்!" என்று பதினாறு தொண்டைகளும் ஒருசேர அதிர்ந்தன. பள்ளிப் பிரார்த்தனையில்கூட இவ்வளவு ஒற்றுமையை நான் கேட்டதில்லை.

இரண்டாம் பெருங்கணை: வாழ்வில் மறக்க முடியாத நாள் எது? பதினாறு பேருக்கும் அது இந்த வகுப்பில் சேர்ந்த நாள். கலங்கிய வேந்தர், தோற்கும் தளபதி யானைப்படையை ஏவுவதுபோல், தமது வழக்கமான நகைச்சுவைத் துணுக்கை எடுத்தார். பாதி சொல்வதற்குள் படை சிரித்துவிட்டது. டாக்சி ஓட்டுநர் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டு, துணுக்கு தொடங்கும் முன்பே சிரித்துவிட்டார்.

நிர்வாகி அம்மையார் எழுந்தார். நேரே தையல்காரம்மாவிடம் போய், நோட்டுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு தாளை உருவினார். மேலே அழகான கையெழுத்தில் 'சார் கேட்கும் கேள்விகள், நாம் சொல்லும் பதில்கள்' என்று இருந்தது. கீழே நான்கு கேள்விகளும் வரிசை பிசகாமல் இருந்தன. ஓரத்தில், ஜோக் வரும் இடத்தில், 'சிரிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"யாரு எழுதினது இது?"

தையல்காரம்மா பயந்தே போனார். "தெரியாது மேடம். முந்தின பேட்ச் அக்கா குடுத்தாங்க. அவங்களுக்கு அதுக்கு முந்தின பேட்ச் குடுத்ததாம். ரொம்ப வருஷமா இருக்குது. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு கேள்விப்பட்டோம். சாருக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதேன்னு எல்லாரும் நேத்து உக்காந்து மனப்பாடம் பண்ணினோம்."

அன்புடையீர், கவனியுங்கள். தயாரிப்பே இல்லாத அந்த வகுப்புக்குத்தான் அந்தக் கட்டடத்திலேயே அதிகமான தயாரிப்பு நடந்திருக்கிறது. வாத்தியார் ஒருவர் சும்மா இருப்பதற்காகப் பேட்ச் பேட்சாக மக்கள் உழைத்திருக்கிறார்கள், இவர் ஒரு பதிலையும் காதில் வாங்காததால் ஆறாண்டாக அது வெளியே தெரியாமலே போய்விட்டது. வெட்கமாக இருக்கிறது எனக்கு.

அம்மையார் நர்ஸ் பக்கம் திரும்பி, அவர் உண்மையில் ஞாயிறன்று என்ன செய்தார் என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

நர்ஸ் எழுந்தார். "ஐ... சண்டே... டியூட்டி. ஒன் ஓல்ட் மேன்... ஹி... ஹோல்ட் மை ஹாண்ட்..." அதற்கு மேல் ஓடவில்லை. கண் கலங்கியது. "ராத்திரி முழுக்க என் கைய விடவே இல்ல மேடம் அந்தப் பெரியவர். அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அது ஷீட்ல இல்ல. வெள்ளிக்கிழமை இதத்தானே கேப்பாங்க?"

அங்கே ஊறியது வேந்தர் முழங்கிய அந்தப் பேச்சு. ஆறாண்டில் முதன்முறையாக, அவருக்கு மூன்றடி தூரத்தில். மார்க்கரை எடுத்து அந்த ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுத உதவியிருந்தால் போதும், இந்தக் காவியத்தை நான் வேறு மாதிரி முடித்திருப்பேன். அவரோ நர்ஸைப் பார்க்கவே இல்லை. அம்மையாரைப் பார்த்து, கை உயர்த்தி, இறுதிச் சங்கை ஊதினார்: "கண்டீரா என் முறையின் மாட்சியை! யான் எதையும் தயாரித்தேனல்லேன்; மாணாக்கர் தாமே வினாவறிந்தனர், தாமே விடை யாத்தனர், தாமே பரப்பினர்! கற்போர் தம் காலில் நிற்பதன்றோ கல்வி!"

அம்மையார் ஃபைலை மூடினார். "அப்ப அந்தப் பதவிய அவங்களுக்கே குடுத்துடலாமா சார்?" என்றார். பிறகு கதவருகே நின்று, "நாளையிலேர்ந்து டீச்சர்தான் தலைமை. நர்ஸம்மாவ இப்பவே அவங்க ரூமுக்கு அனுப்பிடுங்க," என்றார்.

கொடி சாய்ந்து, முரசம் கிழிந்து, நாற்படையும் நாற்கேள்வியும் களத்தில் பட, மூன்று மாடிப் படிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி இறங்கி, தோல்வியென்னும் பெருஞ்சுமையை இம்முறை வெறுங்கையால் அல்லாமல் இரு தோளாலும் சுமந்து, பேருந்தின் கூட்டத்தில் நசுங்கி, தெருமுனை திரும்பி, இவ்வுலகில் இனி எவர் முகத்தையும் காணேன் என்று சூளுரைத்தவாறு வெறுங்கை வேந்தர் தம் வாயிலை அடைந்து கதவைத் தள்ளினார்.

உள்ளே மைத்துனர் கேக்கோடு காத்திருந்தார்.