கடைசி வார்த்தையைப் பிடி

"செல்வி, வாட் டூ யூ திங்க்?" என்று மாதுரி டீச்சர் கேட்டதும் வகுப்பு மொத்தமும் முதல் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது.

முதல் பெஞ்சில் இருந்த இசக்கிசெல்விக்கு அந்தக் கேள்வி மட்டும்தான் புரிந்தது. அதற்கு முன்னால் டீச்சர் புத்தகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கடகடவென்று வாசித்ததில் ஒரு மண்ணும் புரியவில்லை. கடைசியாக வந்து விழுந்த 'பெர்ஸ்பெக்டிவ்' என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

செல்வி எழுந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். ஜன்னல் வழியாக எங்கேயோ பார்த்தாள். பிறகு தலையை மெல்ல ஆட்டியபடி, "பெர்ஸ்பெக்டிவ்..." என்றாள்.

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"எக்ஸாக்ட்லி! எல்லாரும் கேட்டோ? இதாணு அட்வான்ஸ்ட் இங்கிலீஷ்! செல்வி, இனி நீயாணு கிளாஸ் லீடர்" என்று மலையாளத்தில் அறிவித்தார்.

செல்வி அதற்கும் தலையாட்டி வைத்தாள்.

இந்த வித்தை பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள கொச்சங்காடியில் அவள் அப்பா சுடலைமணி வைத்திருக்கும் இஸ்திரிக் கடையில் படித்தது. மட்டாஞ்சேரியில் இஸ்திரிக் கடை வைப்பது லேசுப்பட்ட காரியமா? குஜராத்திக்காரர் ஜிப்பாவோடு வருவார். கொங்கணி மாமி பட்டுச் சேலையோடு வருவாள். ஹோட்டலில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரன் கசங்கின கால்சட்டையோடு வருவான். அவரவர் மொழியில் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த சுடலைமணிக்குத் தமிழும் கொஞ்சம் மலையாளமும்தான் வரும். ஆனாலும் ஒருத்தரும் முகம் சுளித்துப் போனதில்லை.

"ஏட்டி, புரியலன்னு மட்டும் மூஞ்சில காட்டப்பிடாது. காட்டினா அடுத்த கடைக்குப் போயிருவாவ. தலைய ஆட்டணும். கடைசி வார்த்தையைப் பிடிச்சு அப்படியே திருப்பிச் சொல்லணும். பாவம், நாம கவனமா கேட்டோம்னு சந்தோசமா போவாவ" என்பார் சுடலைமணி.

"அப்ப அவங்க சொன்னது என்னதுன்னு தெரிய வேண்டாமாப்பா?"

"என்னத்தச் சொல்லிரப் போறாவ? நல்லா தேய்ச்சு, வெரசா குடுன்னுதான்!"

பிளஸ் ஒன் சேரும்போது பிரின்சிபால் நடத்திய இன்டர்வியூவிலும் செல்வி இதையேதான் செய்தாள். அவர் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினார். இவள் தலையாட்டி, கடைசி வார்த்தையைப் பிடித்து, நடுநடுவே "ஷ்யூர் சார், நோ ப்ராப்ளம்" சேர்த்தாள். பத்தாம் வகுப்பு மார்க்கும் நன்றாக இருந்தது. இந்த வருஷம் புதிதாகத் தொடங்கிய அட்வான்ஸ்ட் இங்கிலீஷ் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது.

இடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசில்லை. நிஜமாகவே அந்த வகுப்பு வேண்டும். அடுத்தவர் சொன்னதன் கடைசி வார்த்தையையே எத்தனை நாள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பது? ஒரு தடவையாவது தன்னுடைய வாக்கியத்தைத் தானே தொடங்கி, தானே முடிக்க வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில். அதைப் படிக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். படித்து முடிக்கும்வரை மாட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் பாடு.

மணி அடித்ததும் சுப்ரியா வந்து பிடித்துக்கொண்டாள். பாலக்காட்டு வீட்டுப் பெண். வகுப்பில் செல்வியோடு தமிழ் பேச இருக்கிற ஒரே ஆள்.

"பெர்ஸ்பெக்டிவ்னு ஒத்தை வார்த்தையிலே முடிச்சியே, எப்படிடீ? எனக்கும் கொஞ்சம் சொல்லித் தா, ட்டோ."

செல்வி விழித்தாள். பிறகு சமாளித்துக்கொண்டு, "மொதல்ல நீ என்ன நெனைக்கேன்னு சொல்லு" என்றாள்.

சுப்ரியா சொன்னாள். ஒரே தெருவைக் கீழே நின்று பார்ப்பதும் மாடியில் நின்று பார்ப்பதும் வேறு வேறு, கதையும் அப்படித்தான், யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று விளக்கினாள்.

"பொறுத்தது..." என்று தலையாட்டினாள் செல்வி.

"ஐயோ, இப்போன்னா புரியறது! நீ டீச்சராவே போயிடலாம்டீ!"

செல்விக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒரு வார்த்தை தேறியது என்று அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் வகுப்பே அவளிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கிவிட்டது.

மறுநாள் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது என்று கடைசி பெஞ்சுக்குப் போய், உயரமான ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள். உள்ளே வந்த டீச்சர் முதல் பெஞ்சு காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறிப்போனார். பின்னால் செல்வியைக் கண்டதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

"பின்னால இருக்கிறவங்களுக்கு உதவியா அங்க போயி இருக்கா பாரு, மிடுக்கி!" என்று மலையாளத்தில் மெச்சினார். அதோடு விட்டாரா? பின் பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் இனி செல்வியிடமே பாடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

அன்று டீச்சர் ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதி, அதற்கு வேர், தண்டு, கிளை, இலை என்று ஒரு முழுச் செடியையே வரைந்தார். எழுவாய் வேராம். வினைச்சொல் தண்டாம். இலை நரம்புகளைக்கூட அழகாகப் போட்டார். அட்வான்ஸ்ட் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று வகுப்பே வாயைப் பிளந்தது. செல்வி மட்டும் ஒன்றும் ஓடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"தொண்டை, டீச்சர்" என்று சைகை காட்டினாள்.

டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. "அய்யோ! செல்வி பேசாமல் எங்ஙனெயா டிஸ்கஷன்?" என்றவர், எல்லோரையும் பீரியட் முழுக்கச் சத்தமில்லாமல் வாசிக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். வகுப்பு இப்போது செல்வியைக் கோவிலில் வைத்துக் கும்பிடாத குறை.

"தொண்டைவலி நாளைக்கும் இருக்குமோடீ?" என்று ஆசையாகக் கேட்டாள் சுப்ரியா.

இதெல்லாம் போதாதென்று, அன்று சாயங்காலம் மாதுரி டீச்சரே இரண்டு காட்டன் சேலைகளோடு இஸ்திரிக் கடைக்கு வந்து நின்றார். அவர் வீடு பள்ளுருத்தியில். சேலை தேய்க்க இவ்வளவு தூரம் எதற்கு வர வேண்டும்? கடைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்த செல்வி சட்டென்று துணிமூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். சந்தேகம் வந்து விசாரிக்க வந்துவிட்டார், தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"செல்வியுடெ அச்சனல்லே?" என்றார் டீச்சர், குரலைத் தாழ்த்தி.

"ஆமா டீச்சர்! இரிக்கணும், இரிக்கணும்!"

"மோள் வீட்டில் எங்ஙனெயா இங்கிலீஷ் படிக்குந்நே?"

சுடலைமணிக்கு மகளைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்தால் போதாதா? இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"படிக்கவா? இங்கிலீஷ்லதான் டீச்சர் அவ மூச்சே விடுதா! வெள்ளைக்காரன் வந்தா நான் எதுக்கு வாயத் தொறக்கேன்? இவதான் பேசுவா. அவன் வாயடைச்சுப் போயிருவான்! தூக்கத்துலகூட இங்கிலீஷ்தான்!"

டீச்சரின் முகம் வெளிறிப்போனது. "தூக்கத்திலுமா?" என்றார்.

"தூக்கத்துலயும்" என்று தலையாட்டினார் சுடலைமணி.

டீச்சர் சேலையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"ஏம்ப்பா இப்படி அளந்துவிட்டிய?" என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து அழாத குறையாக எழுந்தாள் செல்வி.

"ஒன்னையப் பத்தி நல்லா சொல்லணும்லாட்டி! பாரு, டீச்சர் சேலைக்கு எப்படிக் கஞ்சி போடுதேன்னு!"

போட்டார். மகள் மேல் உள்ள பாசத்தை எல்லாம் கரைத்துப் போட்டார். அடுத்த வாரம் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்த மாதுரி டீச்சரால் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. தகரம் மாதிரி நின்ற கொசுவத்தோடு பீரியட் முழுக்க நின்றார். நின்றவர் ஒரு அறிவிப்பும் செய்தார்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அட்வான்ஸ்ட் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்த ஆரம்ப நாட்களின் அனுபவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒருவர் பேச வேண்டும்.

"சரிக்குப் பார்த்தா டீச்சர்தான் பேசணும். பட்சே எனிக்கும் சேர்த்து செல்வி பேசும்" என்றார்.

செல்வி தலையாட்டவில்லை. தலை தானாக ஆடியது. பதினாறு வருஷப் பழக்கம், என்ன செய்வது?

அப்பா அந்தக் கூட்டத்துக்கென்று தன் வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துத் தொங்கவிட்டார். யாருடைய துணியையெல்லாமோ தேய்த்த மனிதர், தனக்கென்று ஒரு சட்டையை இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேய்த்து அவள் கண்டதில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. மேடையில் திருப்பிச் சொல்வதற்கு முன்னால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பிடிக்க ஒரு கடைசி வார்த்தைகூடக் கிடைக்காது. எல்லோர் முன்னாலும் அப்பா தலைகுனிய வேண்டும்.

அப்போதுதான் அவள் முடிவெடுத்தாள். மேடை ஏறும் முன் பிரின்சிபாலிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. சாதாரண வகுப்புக்கு மாற்றினால் மாற்றட்டும். ஒழுங்காக அங்கிருந்து படித்து, அடுத்த வருஷம் நிஜமாகவே தேறி இங்கே வருவேன். இனி யாரிடமும் தலையாட்டுவதில்லை. இதைச் சொல்ல ஆங்கிலத்தில் தானே ஒரு வாக்கியம் அமைத்தாள். 'சார், ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட், பட் ஐ வில் லேர்ன்.' சொல்லிப் பார்த்தாள். யாரிடமும் வாங்காத, முழுக்க முழுக்க அவளுடைய வாக்கியம். பயத்துக்கு நடுவிலும் அது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பிரின்சிபால் அறைக்கு முன்னால் போய் நின்றாள். கதவு சாத்தியிருந்தது. வெளியே ஸ்டூலில் அட்டெண்டர் சேவியர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர். கொச்சிக்கு வந்து பாதித் தமிழ் போய்விட்டது.

"என்னா மோளே?"

"சாரைப் பார்க்கணும் அண்ணாச்சி."

"உள்ள ஆளுண்டு. நில்லு. என்னா காரியம்?"

செல்வி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். முதலில் தமிழில் சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"அட்வான்ஸ்ட் இங்கிலீஷ் கிளாஸ்ல எனக்கு ஒரு வார்த்தையும் புரியல அண்ணாச்சி. புரிஞ்ச மாதிரி தலையாட்டி எல்லாரையும் ஏமாத்திட்டேன். வேற கிளாஸுக்கு மாத்தச் சொல்லிக் கேக்க வந்தேன்."

சேவியர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார்.

"நீயுமா? உள்ள மாதுரி டீச்சராக்கும் இருக்கு. 'புது ஆள் வர்ற வரைக்கும்னு சொல்லி, பாட்டனி டீச்சரான என்னைக் கொண்டுபோய் அங்க நிறுத்தினீங்க, ஒண்ணும் புரியாட்டியும் அந்த செல்வியைப் பேசவிட்டே ஒருவிதம் ஒப்பேத்திட்டேன், ஆனா அது தூக்கத்துலகூட இங்கிலீஷ் பேசுற புள்ளையாம், இனி அது முன்னால நிக்க எனக்கு தைரியம் இல்ல, என்னை மாத்திருங்க'ன்னு காலையிலேருந்து ஒரே அழுகையும் கரச்சிலும்!"