கமாண்டரை வழியனுப்பிய ஜீப்

கோவளம் தென்குப்பம்,
14-6-1976

அன்பு மச்சான் நரசிம்மனுக்கு, ஜம்புலிங்கம் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா ஞானம்பாளும் சுகம். ஊரப்பாக்கத்தில் நீயும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் அருள் புரியட்டும். நலம் விசாரித்தாகிவிட்டது, இனி சண்டைக்கு வருகிறேன்.

"பிளட் பிரஷர் ஏறிக்கினே போவுது, பதவிய குடுத்துட்டு வூட்ல குந்து மாமா" என்று போன மாதம் வந்து ஓதியவன் நீ. உன் அக்காவும் கூடச் சேர்ந்து அழுதாள். எழுபத்தொண்ணு யுத்தத்தில் எதிரிக் கப்பல் வருகிறதா என்று பார்க்க, முப்பது மீனவர்களைத் திரட்டி, கடலோரத் தொண்டர் படை என்று பெயர் வைத்து, கமாண்டராக நின்று லெஃப்ட் ரைட் சொல்லிக் கொடுத்தவன் நான். கப்பல் வரவில்லை. அதற்காகப் படையைக் கலைத்துவிட முடியுமா? சரி, அவள் கண்ணீருக்காக, செங்கல்பட்டு டிரில் மாஸ்டர் பாலசுப்ரமணியனிடம் பொறுப்பை ஒப்படைக்க மனசாரச் சம்மதித்தேன். எனக்கென்ன பதவி ஆசையா?

நேற்று காலை கடற்கரையில், நம் படைக் கொட்டகை வாசலில் விழா. அன்றைக்குப் பார்த்து நெத்திலி அள்ளு அள்ளென்று அள்ளியதால், பாதிப் படை ஈர லுங்கிக்கு மேலே காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றது. கமாண்டர் பிரம்பை ஒழுங்காகக் கொடுத்துவிட்டேன். படைக்கொடியை நான் நீட்ட, மாஸ்டர் கை நீட்ட, நடுவில் காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது. அட்டென்ஷனில் நின்ற முப்பது பேரும் கொடிக்குப் பின்னாலேயே கடலில் குதித்தார்கள். அசையாதே, அசையாதே என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்த, இருசப்பன் தண்ணீருக்குள் இருந்தபடியே, "கொடி வேணுமா, அட்டென்ஷன் வேணுமா? ஒண்ணு சொல்லு சார்!" என்றான்.

அடுத்தது உன் கைங்கரியம். பட்டாளத்தில் விடைபெறும் அதிகாரியை ஜீப்பில் உட்காரவைத்து, வீரர்களே கயிறு கட்டி வாசலுக்கு வெளியே இழுத்து அனுப்புவார்கள் என்று அளந்தாயே! கொட்டகை வாசலில் வெளியே பார்த்து நிற்கும், ஏலத்தில் எடுத்த நம் ஜீப்புக்கு என்ஜின் கிடையாது, ஆகவே தோதாகத்தான் இருந்தது. மாலையோடு ஏறி உட்கார்ந்தேன். கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். காத்தவராயன் "ஐலசா!" போட்டான். ஜீப் நகர்ந்தது. வெளியே இல்லை மச்சான், உள்ளே! பின்பக்கக் கயிற்றைப் பிடித்து, கரைவலை இழுக்கிற மாதிரியே குதிகாலை ஊன்றி இழுத்து, என்னைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே மாஸ்டர் அப்போதுதான் கமாண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மனுஷன் ஜன்னல் வழியாகப் பாய்ந்தார், நாற்காலி நொறுங்கியது.

"வெளிய இழுங்கடா பாவிகளா!" என்று அலறினேன்.

"இன்னா கமாண்டரே பேசற? கயிறு புடிச்சா கரைக்குத்தான் இழுப்போம்" என்றான் காத்தவராயன்.

ஐலசா சத்தம் கேட்டு, வலை கரையேறுகிறது என்று கூடையோடு ஓடிவந்த மீன்காரி செல்லம்மா ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, "ஐயே, இவுருதானா?" என்று திரும்பிப் போய்விட்டாள்.

மாஸ்டர் பிரம்பைக் கடாசிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே செங்கல்பட்டு போய்விட்டார். பிரம்பு மண்ணில் கிடக்கலாமா? எடுத்து வைத்திருக்கிறேன். உன் அக்கா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நீ உடனே புறப்பட்டு வந்து, மாமா பேரில் குற்றமில்லை, எல்லாம் வலைக்காரர்களின் பழக்கதோஷம் என்று அவளுக்கு எடுத்துச் சொல். இந்தக் கடிதத்தையே வாசித்துக் காட்டு. குழந்தைகளுக்கு என் முத்தங்களும், உன் பெண்சாதிக்கு என் ஆசிகளும்.

இப்படிக்கு,
உன் மாமா ஜம்புலிங்கம்

பின்குறிப்பு: இந்த அடித்துண்டை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு வாசி. கயிறு கட்டியது நான்தான். விடியற்காலையில் போய், சத்தியமாக முன்பக்கம்தான் முதலில் கட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் மச்சான். மனசு கேட்கவில்லை, அவிழ்த்துப் பின்பக்கம் கட்டிவிட்டேன்.