ரெண்டுகம்பி சாரும் பேசும் பெட்டிகளும்

பெயர் சொல்லிக் கூப்பிடாமல் வாயே திறக்காத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரும் தொண்ணூறுகளில் காரைக்குடிக்கு வெளியே ஒரு நூல் மில்லில் எங்களோடு வந்து மாட்டிக்கொண்டார். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். நாங்கள் வைத்த பெயர் ரெண்டுகம்பி சார்.

மில்லுக்கு அப்போது ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது. ஒவ்வொரு மெஷின் தலையிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. உள்ளே டிரான்சீவர் என்று ஒரு சில்லு. சொல்வதும் அதுதான், கேட்பதும் அதுதான். எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாக முறுக்கிய ரெண்டே கம்பி. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பெட்டியாக எண் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட பெட்டி மட்டும் தன் மெஷின் ஓடுகிறதா, நிற்கிறதா என்று பதில் சொல்லும். மற்றவை வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் ரெண்டுகம்பி சார் வேலை.

இதை மனிதர்களுக்கும் அமல்படுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியது எங்கள் தலையெழுத்து.

கேன்டீனில் நாலு பேர் சேர்ந்து பேசினால் கையைத் தூக்கிவிடுவார். என்னவென்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் வாய் திறப்பார். "ஒருத்தர் பேசுங்கய்யா. ரெண்டு பேரு ஒண்ணாப் பேசுனா ரெண்டும் குப்பை." ஒருநாள் அவர் காலடியில் பாம்பு. "பாம்பு, பாம்பு!" என்று மில்லே அலறியது. மனிதர் அசையவில்லை, யாரும் அவரைக் கூப்பிடவில்லையே! "ரெண்டுகம்பி சார், பாம்பு!" என்று நான் கத்தியதும்தான் மேஜைமேல் தாவினார்.

வீட்டில் இதைவிடச் சிக்கல். பெயர் சொல்லாமல் கூப்பிட்டால் இவர் திரும்ப மாட்டார். புருஷன் பெயரை அவர் மனைவி வாயால் சொல்ல மாட்டார். கடைசியில் அவரும் "ரெண்டுகம்பி, சாப்பிட வாரீகளா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

மேனேஜருக்கு அந்தப் பெட்டிகளைக் கண்டாலே ஆகாது. "இன்னொரு வாட்டி மக்கர் பண்ணுச்சுன்னா உங்களை வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்று ரெண்டுகம்பி சார் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது மில்லைக் கூட்டிப் பெருக்கும் காளியம்மாவின் வேலை. தூசி தட்டுவதற்காகப் பெட்டிகளையும் திறந்து வைத்திருந்தோம். விடுமுறை முடிந்து மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு பெட்டியும் பேசவில்லை. மேனேஜர் ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சில்லின் கால்கள்மேல் அழகாக ஒரு சந்தனப் பொட்டு. நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் எப்போதும் ஈரக்காற்று விடுவோம்; சந்தனம் காயவே இல்லை. ஒரு பெட்டி ஈரத்தில் உளறினாலே அந்தக் கம்பியில் தொங்கும் அத்தனையும் ஊமை. இங்கே எல்லாப் பெட்டியிலும் பொட்டு!

"காளியம்மா, நாளையில இருந்து வேலைக்கு வராதே!" என்றார் மேனேஜர்.

"அய்யா, நான் மெஷினுக்குத்தான் வச்சேன். பெட்டிப் பக்கமே போகலைய்யா. மூணு பிள்ளைகளை வச்சுக்கிட்டு எங்குட்டுப் போவேன்?"

ஆளாளுக்குக் கத்தினோம். யாரும் ரெண்டுகம்பி சாரைக் கூப்பிடவில்லை. ஆனாலும் அவர் பேசினார், மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே விழுந்து பேசினார்.

"நான்தான் வச்சேன்."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "படிச்சவர் செய்யிற வேலையா இது?"

"இல்லைங்கய்யா. மெஷினெல்லாம் பொட்டு வச்சு நின்னுச்சு, இதுக மட்டும் வெறும் நெத்தியோட இருந்துச்சுக. மனசு கேக்கலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

சொன்ன வார்த்தையை மேனேஜர் காப்பாற்றினார். இவரோ போகிறவர் போகாமல், பழைய டூத் பிரஷும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து சாயங்காலம்வரை ஒவ்வொரு சில்லாகத் துடைத்தார். எல்லாப் பெட்டியும் பதில் சொன்ன பிறகுதான் சட்டைப் பையைத் தடவிச் சைக்கிள் சாவியை எடுத்தார்.

கேட்டில் காளியம்மா மறித்தாள். "சார், பேசாம இருந்திருந்தா உங்க வேலை தப்பிச்சிருக்கும்ல? எனக்காகவா போறீக?"

"உனக்காக இல்ல தாயி. வச்சது நான்தானே?"

காளியம்மா அழுததில் ஆச்சரியம் இல்லை. அத்தனை நாளும் அவரைக் கேலி பண்ணியே பொழுதை ஓட்டிய நான், சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அழுதேன்.